மூக்கன் பார்த்தது

கடல் ஏறும்போது பறவையின் பின்னால் போகக் கூடாது. அது வரப்போகிற இடத்துக்கு முன்கூட்டியே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். மற்றதைக் கடல் பார்த்துக்கொள்ளும்.

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்துக்கு வடக்கே சங்குத்திட்டு என்று ஒரு மணல்மேடு இருக்கிறது. கடல் வற்றியிருக்கும்போது அது மேடென்றே தெரியாது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. உள்ளான்களும் பவளக்காலிகளும் நீண்ட அலகுள்ள மூக்கன்களும் அந்தச் சேற்றைக் குத்திக் குத்திப் புழு தேடும். ஏற்றம் தொடங்கினதும் தண்ணீர் சேற்றை மூடிக்கொண்டு வரும். பறவைகள் அடி அடியாகப் பின்வாங்கும். உச்ச ஏற்றத்தில் நனையாமல் மிஞ்சுவது இந்தத் திட்டு ஒன்றுதான். எல்லாக் கூட்டமும் அதில் வந்து நெருக்கியடித்து, ஒற்றைக் காலில் நின்று, அலகை முதுகில் செருகித் தூங்கும். படம் எடுக்கிறவன் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே போய், நனைந்த சாக்கைப் போர்த்தி, அதன் மேல் மணலை அள்ளிப் போட்டுக்கொண்டு, நாலு மணி நேரம் மண்ணாகக் கிடக்க வேண்டும். இருமக் கூடாது. கொசு கடித்தாலும் கை போகக் கூடாது.

கில்டா இந்தத் திட்டுக்கு முதலில் வந்தபோது அவளுக்குப் பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் அவளை எழுந்து நின்று வாசிக்கச் சொன்னார்கள். மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கூடம் போகவில்லை. அவ்வளவு கூச்சம். வீட்டில் எல்லோரும் திட்டித் தீர்த்தபோது அண்ணன் இன்னாசி மட்டும், "எனக்கும் ஒரு ஆள் வேணும்லா, வரட்டும்" என்று சொல்லிக் கூட்டிப்போனான். அவன் கரைப்பறவைகளைப் படம் எடுக்கிறவன். சாக்குக்குள் படுத்துவிட்டால் தலையைத் தூக்க முடியாது. தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது, திரும்புகிற தடம் முங்கிவிட்டதா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டும். கில்டா திட்டின் வால்முனையில் ஒரு கழியை ஊன்றிக்கொண்டு நிற்பாள். தண்ணீர் முட்டியைத் தொட்டால் கூப்பிடுவாள்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. பிறகு இன்னாசிக்கு எலிக்காய்ச்சல் வந்தது. சேற்றில் கிடக்கிறவர்களுக்கு வருகிறதுதான். நாலாம் நாள் முடிந்துவிட்டது. அப்போது அவன் மனைவி செலின் ஆறு மாதக் கர்ப்பம்.

அவன் எடுத்த படங்கள், அவர்களுடைய கல்யாணப் படங்கள் எல்லாம் ஒரு நிறுவனத்தின் சேமிப்பில் இருந்தன. அந்தக் காலத்தில் யாரும் படத்தை வீட்டில் வைத்துக்கொண்டதில்லை. ஓர் ஆனி மாதம் அந்த நிறுவனம் மூடிப்போனது. கைப்பேசியைத் தட்டினால் 'கிடைக்கவில்லை' என்று மட்டும் வந்தது. செத்தவர்களை ஜனங்கள் இரண்டாம் தடவையாகப் பறிகொடுத்தார்கள். இன்னாசிக்கு மிஞ்சியது அடையாள அட்டையில் இருந்த படம் ஒன்றுதான்.

"கோழி திருடிட்டு மாட்டிக்கிட்டவுக மாரி இருக்காவ," என்பாள் செலின், அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம். "கில்டா, இவுகளயா நான் கெட்டுனேன்?"

"இல்ல மைனி. அண்ணன் மொகம் இப்படி இருக்காது."

"பெறவு எப்படி இருக்கும்? சொல்லேன்."

கில்டாவுக்குச் சொல்லத் தெரியாது. இப்போது அவள் நினைவில் நிற்பதெல்லாம் சாக்குக்கு வெளியே நீண்டிருந்த அவன் உள்ளங்கால்கள்தான். மகள் ஜெனோவா சின்ன வயதில் கண்ணாடி முன்னால் நின்று, "அத்த, இது அப்பா மூக்கா?" என்று கேட்பாள். "இல்லட்டி, அது ஒங்கம்மா மூக்கு." "இந்தக் காது?" "அதுவும் ஒங்கம்மாதான்." "அப்ப அப்பாகிட்டருந்து எனக்கு ஒண்ணுமே இல்லையா?" என்று அழுவாள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் கரையில் ஓர் ஆய்வு நிலையம் வந்தது. வேலைக்கு ஆள் எடுத்தார்கள். சேற்றில் எந்த நேரத்தில் எங்கே கால் வைக்கலாம் என்று கில்டாவுக்குத் தெரிந்ததுபோல யாருக்கும் தெரியாததால், ஒன்பதாம் வகுப்புக்கூட முடிக்காதவளைச் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே எடுப்பது கண்ணுப்படம். அதற்குப் பெரிய பெயர் ஒன்று உண்டு. கரைக்காரர்கள் வைத்த பெயர் இது.

நிலையத்தின் ஆராய்ச்சியாளர் பரிதி திருச்சிக்காரர். செலின் ஒருநாள் நேராக அவர் அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். கில்டா வாசலிலேயே நின்றாள்.

"சார், அந்தக் கண்ணுப்படம் என்னன்னு எனக்கு வெளங்குத மாரி சொல்லுங்க."

"இந்தப் பறவைங்க சைபீரியாவுலேருந்து வருதுங்கக்கா. வழியில இறங்குற ஒவ்வொரு இடத்தையும் கண்ணுக்குள்ள படமாப் பதிச்சு வச்சுக்குது. அதே இடத்துக்குத் திரும்ப வந்து அசையாம நிக்கும்போது அந்தப் பழைய படம் மேல வரும். அந்த நேரம் பார்த்து ஒரு ஊதா வெளிச்சத்தக் கண்ணுல விட்டா, அது உள்ள பாத்துக்கிட்டிருக்கறது நம்ம கேமராவுல விழும்."

"எத்தன வருசத்துப் படம் இருக்கும்?"

"அது எத்தன வருஷம் வந்துச்சோ அத்தன வருஷம்."

செலின் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். "எங்க வீட்டுக்காரவுக இங்கனதான் கெடந்தாவ. மூணு வருசம். எங்களுக்கு அவுக மொகம் இல்ல சார். பறவைக்கு இருக்குமா?"

பரிதி பதிவேட்டைத் திறந்து தேடினார். காலில் நீலக் கொடி மாட்டிய ஒரு மூக்கன் இருந்தது. எண் நாற்பத்தேழு. இருபத்துநாலு வருஷமாக விடாமல் வருகிற கிழட்டுப் பறவை. "இருக்கலாம்," என்றார். "ஆனா ஒரு பறவைய ஒரு தடவதான் எடுக்க முடியும். வெளிச்சம் பட்டா அந்த நினைவு வெளுத்துடும்."

"வெளுத்தா அது என்ன செய்யும்?"

"இந்த இடத்த மறந்துடும். வேற இடம் பாத்துக்கும்." அதைச் சொல்லும்போது அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வேறு இடம் பார்த்துக்கொள்ளாது என்று கில்டாவுக்குத் தெரியும். போன வருஷம் கண்ணுப்படம் எடுத்த பவளக்காலி ஒன்றை அவள் பார்த்தாள். மற்றதெல்லாம் திட்டில் தூங்க, அது மட்டும் மேலே சுற்றிக்கொண்டே இருந்தது, கீழே கடலைத் தவிர ஒன்றுமே இல்லை என்பதுபோல. ஏற்றம் முடியும்வரை சுற்றியது. அடுத்த மூன்று நாளும் சுற்றியது. ஐந்தாம் நாள் தண்ணீரில் விழுந்து கிடந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. கூச்சத்தால் சொல்லவில்லை என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். உண்மை அதுவல்ல. ஐந்து வருஷம் வேலை பார்த்தவர்கள் தங்களுக்கென்று ஒரு கண்ணுப்படம் எடுத்துக்கொள்ளலாம். அந்த ஒரு படத்துக்காக அவளும் காத்துக்கொண்டிருந்தாள்.

தை மாதத்தில் ஜெனோவாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கோயிலில் பூசை. அப்பா இடத்தில் அத்தைதான் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போக வேண்டும் என்று பெண் சொல்லிவிட்டாள். "நாலு பேர் பாப்பாவளே" என்று கில்டா முனகினாள். "நானூறு பேர் பாப்பாவ. பாக்கட்டும்," என்றாள் ஜெனோவா.

"அந்தப் படத்த அதுக்குள்ள எடுத்துரு," என்றாள் செலின். "கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னால அவ அப்பன் மொகத்த ஒரு தடவையாவது பாக்கட்டும்."

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்குக் கில்டா திட்டில் படுத்தாள். எட்டேகாலுக்கு உச்ச ஏற்றம். முதலில் உள்ளான்கள் வந்தன, பிறகு பவளக்காலிகள். கடைசியாக, முழங்கால் தண்ணீரில் நிற்க முடிகிறவரை நின்றுவிட்டு, மூக்கன்கள் வந்தன. நாற்பத்தேழு கூட்டத்தின் ஓரத்தில் இடம் பிடித்து, ஒரு காலை மடக்கியது. மேல்முதுகுச் சிறகுகளில் நரைபோல வெள்ளை. கண் பாதி மூடியிருந்தது. பரிதி சொன்ன அறிகுறி அதுதான். பழைய படம் மேலே வந்திருக்கிறது.

கில்டாவின் விரல் கேமராப் பொத்தானில் வெகுநேரம் கிடந்தது. பிறகு அழுத்தினாள்.

சத்தம் இல்லை. ஓர் ஊதாப் பொட்டு மின்னி அணைந்தது. பறவை தலையைத் தூக்கியது. தூங்கிப்போய்த் தெரியாத ஊரில் பஸ்ஸைவிட்டு இறங்கினவன்போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது. பறந்துபோயிற்று.

படத்தைப் பிரித்தெடுக்க இரண்டு நாள் ஆகும். சனிக்கிழமை மத்தியானம் செலினும் ஜெனோவாவும் கல்யாண வேலைகளைப் போட்டுவிட்டு நிலையத்துக்கு வந்தார்கள். ஜெனோவாவின் கையில் மருதாணி காயவில்லை. கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

திரையில் முதலில் தெரிந்தது கலங்கலாக இருந்தது. கடல் மஞ்சளாக, வானம் செம்பு நிறமாக. "அதுக்குத் தெரியற நிறம் வேற," என்றார் பரிதி. "எல்லா வருஷமும் ஒண்ணு மேல ஒண்ணா இருக்கு. இருங்க, பிரிக்கறேன்."

முதல் வருஷம் தனியாக வந்தது.

மணல். அதன் முடிவில், கையில் கழியோடு ஒரு பெண் பிள்ளை. பாவாடையைத் தூக்கிச் செருகியிருந்தாள். முட்டிவரை தண்ணீர். ஒரு கை மேலே தூக்கியிருந்தது. வாய் திறந்திருந்தது. திரையைப் பார்க்கிறவர்களையே நேராகப் பார்த்தாள். ஒவ்வொரு முடியும் தெரிகிற அளவுக்கு அவ்வளவு துலக்கம்.

"யாரு இது?" என்றாள் செலின்.

ஜெனோவா திரையையும் அத்தையையும் மாறிமாறிப் பார்த்தாள். "அத்த! நீங்க!"

கில்டா சுவரோடு ஒட்டிக்கொண்டாள். தன்னை யாராவது இப்படிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

"சரி, அவுக எங்க?" செலின் திரைக்குப் பக்கத்தில் போனாள். "அவுகளக் காணலியே சார்?"

பரிதி தேடினார். மணலைத் தவிர ஒன்றும் இல்லை. கில்டாதான் மெதுவாக வந்து, மணலில் லேசாக மேடிட்டிருந்த ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினாள். "இதான் மைனி, அண்ணன்."

"இது மண்ணுலா?"

"ஆமா. அப்படித்தான் கெடக்கும். பறவ கண்ணுக்குத் தெரிஞ்சிட்டா அண்ணன் அன்னைக்குப் படம் எடுக்காது, எந்திரிச்சு வந்துரும். ஒரு பறவையும் அண்ணனப் பாத்ததே இல்ல."

செலின் அந்த மேட்டையே பார்த்தாள். பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "பாத்தியளா, பாத்தியளா. கல்யாணத்துக்கு வந்த போட்டோக்காரருக்கே நிக்காத மனுசன், குருவிக்கா நிப்பாவ!" சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "அடுத்த வருசத்தக் காட்டுங்க சார்."

இரண்டாவது வருஷத்திலும் மேடு இருந்தது. மூன்றாவதிலும். நாலாவது வருஷத்தில் மணல் தட்டையாக இருந்தது. வால்முனையில் கில்டா மட்டும் நின்றாள், பதினேழு வயதில். ஐந்தாவதிலும் நின்றாள். பத்தாவதிலும். ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் பருத்து, கொஞ்சம் கறுத்து, அதே கழியோடு. யாருக்காகத் தண்ணீரைப் பார்த்து நிற்கிறாள் என்று தெரியாமல்.

"அப்பா போன பெறவும் ஏன் அத்த போனிய?" என்றாள் ஜெனோவா.

"தெரியல. ஏத்த நேரமானா கால் போயிரும்."

"மொதப் படத்துல வாயத் தெறந்து யாரக் கூப்பிடுதிய?"

"ஒங்கப்பாவத்தான். தண்ணி வந்துட்டு, எந்திரின்னு."

ஜெனோவா மருதாணிக் கையை விரித்தபடி முதல் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். அப்பாவின் முகம் இல்லை. ஆனால் அப்பாவை ஒருத்தி அவ்வளவு பயத்தோடும் உரிமையோடும் கூப்பிடுகிற முகம் இருந்தது. "இது போதும்," என்றாள். "இதயே எனக்குத் தாங்க."

பரிதி வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தார். "ஆச்சரியமா இருக்குக்கா," என்றார் கில்டாவிடம். "எந்தப் பறவைக்கும் இடத்தப் பதிச்சு வைக்க ஒரு அடையாளம் வேணும். இந்தத் திட்டு வருஷா வருஷம் நகருது. மணல நம்ப முடியாது. மரம் இல்ல, பாற இல்ல. மாறாம நின்னது நீங்கதான். இருபத்துநாலு வருஷமா அந்தக் கிழவன் உங்களப் பாத்துத்தான் இறங்கியிருக்கு."

கில்டா திரையை விட்டுத் திரும்பினாள். இத்தனை நாள் உள்ளே கிடந்தது தானாக வாய்க்கு வந்தது. "இதுவரைக்கும் எத்தன பறவைய எடுத்துருக்கோம் சார்?"

"நூத்திப் பன்னெண்டு."

"இந்த வருசம் அதுல எத்தன வந்துச்சு?"

பரிதி பதிவேட்டை மூடினார்.

"நான் எண்ணுனேன். நாலு." அவள் குரல் அந்த அறைக்கே அதிகமாக இருந்தது. "அதுவ வேற எடம் பாக்கல சார். திட்டு மேலயே சுத்திச் சுத்திச் செத்துப்போச்சு. ஒங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிஞ்சேதான் அமுக்குனேன்."

செலின் சிரிப்பை நிறுத்தியிருந்தாள். "என்னட்டி சொல்லுத?" என்றாள், குரல் இறங்கி. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் கேட்டுருப்பனா?"

"கேட்டிருப்பிய மைனி," என்றாள் கில்டா. "நானும் குடுத்துருப்பேன்."

வாசலுக்குப் போகும்போது அவள் பரிதியிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். வெளுத்த இடத்தில் மறுபடியும் பதியுமா?

"தெரியலக்கா. யாரும் செஞ்சு பாக்கல." அவர் முதல்முறையாக நேராகப் பார்த்தார். "எடுத்து நாலு நாளுக்குள்ள, திங்கட்கிழமைக்குள்ள பதிஞ்சாத்தான் உண்டு. அதுக்கு மேல அது தாங்காது."

ஞாயிற்றுக்கிழமை காலை நாற்பத்தேழு திட்டின் மேல் சுற்றிக்கொண்டிருந்தது. காலில் நீலம் தெரிந்தது. கில்டா கழியை ஊன்றிக்கொண்டு வால்முனையில் நின்றாள். கை தூக்கினாள், கூப்பிட்டாள். அது இரண்டு மணி நேரம் சுற்றியது. ஒருமுறை மிகவும் தாழ்ந்து வந்து, மறுபடியும் எழும்பிவிட்டது. சிறகடிப்பில் இழுவை வந்திருந்தது. தண்ணீர் வற்றினபிறகு தூரத்துச் சேற்றில் விழுவதுபோல இறங்கி, மேயாமல் நின்றது.

சாயங்காலம் வீடு நிறையச் சொந்தக்காரர்கள். பெண்ணுக்கு எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தார்கள். சேற்றுக் காலோடு கொல்லைப்பக்கம் நின்ற கில்டாவை ஜெனோவா பார்த்துவிட்டு எழுந்து வந்தாள்.

"எறங்குச்சா அத்த?"

"இல்ல."

"நாளைக்கு ஏத்தம் எத்தன மணிக்கு?"

கில்டா வீட்டுக்குள் பார்த்தாள். கல்யாணத்துக்கென்று அவளுக்கு எடுத்த நீலச் சேலை இஸ்திரி போட்டு உள்ளே தொங்கிக்கொண்டிருந்தது. நாலு நாளாகக் கண்ணாடி முன்னால் நடந்து பழகியிருந்தாள்.

"சொல்லுங்க அத்த."

"பதினொன்றர."

கடற்கரைப் பிள்ளைக்குக் கணக்குப் போட நேரமாகாது. ஒன்பதரைக்கெல்லாம் திட்டில் இருக்க வேண்டும், பூசை பத்தரைக்கு. ஜெனோவா அத்தையின் கையைப் பிடித்து, சேறு அப்பியிருந்ததைத் தன் தாவணியால் துடைத்தாள்.

"அம்மா கூட்டிட்டுப் போவா," என்றாள். "நீங்க போங்க."

"ஒனக்கு வருத்தமா இருக்குமே ஜெனோ."

"இருக்கத்தான் செய்யும். அதுக்கு?" என்றாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அந்தச் சேலையக் கட்டிட்டுப் போங்க. நாளைக்கு எனக்குக் கல்யாணம்லா," என்றாள்.

அப்படித்தான் திங்கட்கிழமை காலை, நீலப் பட்டுச் சேலையை முட்டிக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, தலையில் மல்லிகைப்பூவோடு, கில்டா சங்குத்திட்டின் வால்முனையில் நின்றாள். எண்ணூறு உள்ளான்களும் இருநூறு பவளக்காலிகளும் அவளைக் கண்டுகொள்ளாமல் தூங்கின. தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. கோயில் மணி கேட்டது. இப்போது செலின் மகளைக் கூட்டிக்கொண்டு நடப்பாள். நடக்கும்போது அழுவாள், அழுகையை மறைக்கப் பக்கத்திலிருக்கிறவளை ஏதாவது திட்டுவாள். படம் எடுக்கிறவர் எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லுவார். அந்தப் படம் இனி வீட்டுச் சுவரில் தொங்கும். வருகிறவர்கள் ஒவ்வொருவராக எண்ணி, அத்தைக்காரி எங்கே என்று கேட்பார்கள்.

மூக்கன் வடக்கிலிருந்து வந்தது. சுற்றியது. சிறகு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"ஏ!" என்று கத்தினாள். கழியைத் தூக்கி ஆட்டினாள். "ஏ, இங்க! தண்ணி வந்துட்டு, எறங்கு!"

மறுபடியும் ஒரு சுற்று. தண்ணீர் முட்டிக்கு ஏறிவிட்டது. பட்டு நனைந்து கனத்தது. அவள் தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டாள். கரையில் யாராவது கேட்டிருந்தால், கல்யாண வீட்டுப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்பார்கள். எட்டாவது சுற்றோ ஒன்பதாவதோ, பறவை தாழ்ந்து, தள்ளாடி, கால்களை நீட்டி, மணலில் வந்து விழுந்து நிமிர்ந்தது. கூட்டத்தோடு சேரவில்லை. தனியாக நின்றது. இரைத்தது. அலகு திறந்திருந்தது.

இன்னும் மண்ணைப் பார்க்கவில்லை. கடலைப் பார்க்கவில்லை. தலையைச் சாய்த்து, ஒரு கண்ணால், அவளைப் பார்த்தது.

ஓடி ஒளிந்துகொள்ள வேண்டும்போல உடம்பெல்லாம் கூசியது. கில்டா அசையவில்லை. கழியை இன்னும் ஆழமாக ஊன்றி, முகத்தில் விழுந்த முடியை ஒதுக்கி, முழு முகத்தையும் அதன் பக்கம் திருப்பினாள்.

"நல்லாப் பாத்துக்க," என்றாள்.